லஸ்ஸுக்கு அடுத்த நிறுத்தம்

கண்டக்டர் சார்,

இன்று மதியம் திருவான்மியூரில் ஏறிய பஸ்ஸில் ஒரு பெண்குரல் நிறுத்தங்களை அறிவித்துக்கொண்டே வந்தது. பதிவு செய்த குரல். ‘அடுத்த நிறுத்தம் அடையாறு’ என்று அது சொன்னபோது பஸ் அடையாற்றைத் தாண்டிப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிறுத்தம் பின்தங்கிவிட்டது. லஸ் வரைக்கும் அப்படியே வந்தது. மந்தைவெளியில் இறங்கவேண்டிய ஓர் அம்மாள் குரலை நம்பி உட்கார்ந்திருந்து, ஜன்னலுக்கு வெளியே அடுத்த நிறுத்தமான மயிலாப்பூர்க் குளத்தைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். “இன்னாய்யா வண்டி இது, தெரியலன்னா வாய மூடிக்கினு வர்றதுதானே!” என்று யாரையோ திட்டிக்கொண்டே இறங்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தது லஸ் என்று மனசுக்குள் நிறுத்தங்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் லஸ்ஸைத் தாண்டும்போது எனக்கு இப்படித்தான்.

உங்களை நான் வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை. ராயப்பேட்டையில் நீங்கள் குடியிருந்த ஸ்டோரில் வரிசையாக இருந்த ஒன்பது குடித்தனமும் உங்களைக் கண்டக்டர் என்றுதான் சொன்னது. நான் மட்டும் அதோடு ஒரு சார் சேர்த்துக்கொண்டேன். என் ஆய்வேட்டில் நீங்கள் ‘நோயாளி 1’. நோயாளி 2 என்று யாரும் கிடையாது. ஒருவரை வைத்துக்கொண்டு ஒன்று என்று எண் போட்டால் ஆராய்ச்சி பெரிதாகத் தெரியும் என்று போட்டேன். உங்கள் பெயரையோ வீட்டாரின் பெயரையோ எங்கும் எழுதமாட்டேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கையாவது காப்பாற்றுகிறேன். அதனால் உங்கள் மகளை இங்கே கோமதி என்றே எழுதப்போகிறேன். நீங்கள் பாடுபட்டு மீட்ட அந்த ஒரே சொல்லைக்கூட நான் மாற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அடையாறு பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் ஆராய்ச்சி மாணவி. மூளை பாதித்துப் பேச்சுப் போனவர்கள் எந்தச் சொல்லை இழக்கிறார்கள், எதை வைத்துக்கொள்கிறார்கள் என்பதைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன மூளையைச் செய்து பார்ப்பது என் வேலை. நியூரல் நெட்வொர்க் என்று பெயர். நிஜ மூளை ஒன்றின் பேச்சும் வேண்டியிருந்தது. பேச்சுப் பயிற்சி தருகிற ஓர் அம்மா உங்கள் முகவரியைத் தந்தார். “எதுக்குடி வாரா வாரம் ராயப்பேட்டைக்குப் போயிண்டிருக்கே, ஆத்துல ஒரு வேலைக்கு வணங்கறதில்லை” என்று மயிலாப்பூரில் என் அம்மா முனகிக்கொண்டேயிருப்பாள்.

முதல் வியாழக்கிழமை நீங்கள் வாசற்கேட்டுக்குப் பக்கத்தில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். வலது கை மடியில் கிடந்தது. உங்கள் மனைவி கடையிலிருந்து எனக்குக் கலர் சோடா வாங்கி வந்து வைத்துவிட்டு, நடந்ததை அவரே சொன்னார். “மந்தவெளில வண்டி நின்னுக்கினு கீது, விசில் சத்தத்தையே காணோம். டிரைவர் திரும்பிப் பாத்தா, இவரு கம்பியப் புட்ச்சிக்கினு நிக்கிறாரு, வாய் ஒரு பக்கமா கோணிக்கினு போச்சு.” நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். சொல்வது எல்லாம் உங்களுக்குப் புரிந்தது, பதில்தான் வரவில்லை.

நான் படங்களைக் காட்டினேன். சீப்பைப் பார்த்துவிட்டுத் தலையைக் கோதிக் காட்டினீர்கள். பூட்டைக் காட்டினபோது “சாவி” என்றீர்கள். உடனே இடது கையைத் தூக்கி “ஓல்டான்” என்று நீங்களே நிறுத்திக்கொண்டீர்கள். தப்பு என்று தெரிகிறது, சரியானது வரவில்லை. அரைமணி நேரத்தில் நம் இருவருக்கும் ஒரு பாஷை உண்டாகிவிட்டது: ஆமாம் என்றால் “ரைட்”, இல்லை என்றால் “ஓல்டான்”. பஸ்ஸில் பத்தொன்பது வருஷம் கூவின சொற்கள் மட்டும் உங்களிடம் மிச்சமிருந்தன. கலரைக் குடிக்காமல் வைத்திருந்த என்னைப் பார்த்து, “உள்ள போ, உள்ள போ” என்றீர்களே, அதற்கு நான் மட்டுமல்ல, அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

அப்புறம் சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தார்கள். “பஸ் வுடு கண்டக்டர்!” என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். குரலே மாறிவிட்டது. “திருவான்மியூர்!” வரிசை முதல் வீட்டு வாசலுக்கு ஓடியது. “அடையாறு!” இரண்டாவது வாசல். மந்தைவெளி, குளம், லஸ், மணிக்கூண்டு, மவுண்ட்ரோடு, சென்ட்ரல், பாரிஸ் கார்னர். சின்ன நிறுத்தங்களை விட்டுவிட்டுப் பெரியதாக ஒன்பது, வீட்டுக்கு ஒன்று. ஆறாவது வாசல் உங்களுடையது, அதுதான் மணிக்கூண்டு. சீப்பு என்று சொல்லமுடியாதவர் ஒரு தடுமாற்றம் இல்லாமல் பாரிஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்ததை நான் நோட்டுப் புத்தகத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் இயந்திரத்தை உங்களுக்கு விளக்கியது நினைவிருக்கிறதா? “உள்ளே சின்னச் சின்ன முடிச்சு, ஒண்ணுக்கொண்ணு இழை போட்டிருக்கும். ஒரு சொல்லைக் கொடுத்தா அடுத்த சொல் எதுன்னு அது ஊகிக்கணும். தப்பா ஊகிச்சா இழைகளைக் கொஞ்சம் இறுக்குவோம், கொஞ்சம் தளர்த்துவோம். ஆயிரம் தடவை செஞ்சா கத்துக்கும்” என்றேன். நீங்கள் யோசித்துவிட்டு, “ரைட்” என்றீர்கள். அதற்கு உங்கள் ஒன்பது நிறுத்தங்களையும், படங்களின் பெயர்களையும் கற்றுக்கொடுத்தேன். நன்றாகக் கற்றதும், உங்களுக்கு ஆனதுபோல, இழைகளில் மூன்றில் ஒரு பங்கை அறுத்துவிட்டேன். பிறகு பூட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். சாவி என்றது. குடைக்குச் செருப்பு என்றது. ஆனால் திருவான்மியூர் என்று ஆரம்பித்து வைத்தால் பாரிஸ் வரைக்கும் தானாகப் போனது. தொடராகப் பழகின சொற்களை ஓர் இழை விட்டால் இன்னோர் இழை பிடித்து இழுத்துக்கொள்ளும். தனிச் சொல்லுக்கு அப்படி ஆள் இல்லை.

அச்சடித்த தாளைக் கொண்டுவந்தேன். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தத் தாள். உங்கள் மனைவி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தார். “அட, இதுவும் உன்ன மாரியே உளறுதுய்யா!” நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர் அந்தத் தாளை இடது கையால் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதீர்கள். இத்தனை பெரிய ஊரில் உங்களைப் போல இன்னொன்று இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது போல. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

கோமதிக்கு அப்போது பத்து வயது. பிள்ளைகள் பஸ்ஸில் எப்போதும் முதல் ஆள். ஒருநாள் என்னை அடிபம்புப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டாள். “அக்கா, எங்கப்பா மண்ட்ரோடெல்லாம் சொல்றாரு, என் பேரு மட்டும் வரல. உன் கம்ப்யூட்டர் சொல்ல வைக்குமா?” எட்டு மாதமாக நீங்கள் அவளை ஏய் என்றுகூட அழைக்கவில்லை. கையைத் தட்டினால் அவள் வருவாள்.

அன்றைக்கே எனக்கு யோசனை வந்துவிட்டது. தனியாக வராத சொல்லைத் தொடருக்குள் வைத்தால் வருமே. கோமதியை ஒரு நிறுத்தமாக்கினால் என்ன? லஸ்ஸுக்கும் மணிக்கூண்டுக்கும் நடுவில், வீட்டுக்கு ஒரு வாசல் முன்னால். உங்களிடம் சொன்னேன். நான் முடிப்பதற்குள் “ரைட்! ரைட்!” என்று நாற்காலியைத் தட்டினீர்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். குளிர்சாதன அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, நோட்டில் பெயர் எழுதி, ஆளுக்கு இரண்டு மணி நேரம் உட்காரவேண்டும். முழுப் பட்டியலையும் புதுச் சொல்லோடு சேர்த்துப் பழக்க இரண்டு மணி போதாது. அதனால் நான் ‘குளம், லஸ், கோமதி’ என்ற மூன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தேன். இருபது நிமிஷத்தில் கற்றுக்கொண்டது. குதித்துக்கொண்டு வந்து உங்கள் மனைவியிடம் அதையே சொன்னேன். “இந்த மூணு மட்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை. முழுசாச் சொல்லவேண்டாம், குழம்பிப்பார்.” பிள்ளைகளையும் சில நாளைக்கு பஸ் விடச்சொல்லிக் கேட்கவேண்டாம் என்று அதட்டிவைத்தேன்.

புதியதை மட்டும் விடாமல் பழக்கினால் பழையது அழிந்துபோகும் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. நானும் படித்திருந்தேன். படித்ததைப் பரீட்சையில் எழுதினேனே தவிர, உங்கள் வாசலில் நின்றபோது அது என் நினைவில் தட்டவே இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாத இடம் இது.

பதினைந்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை நான் உள்ளே நுழைகிறேன், உங்கள் மனைவி வாயில் விரலை வைத்து என்னைப் பேசாதே என்கிறார். கோமதி சீருடையோடு உங்கள் எதிரில் நிற்கிறாள். “குளம்... லஸ்...” உங்கள் கழுத்து நரம்பு புடைத்தது. “கோமதி.” அவள் இன்னொரு தடவை என்றாள். இன்னொரு தடவை சொன்னீர்கள். அவள் ஸ்டோர் முழுக்க ஓடி ஒவ்வொரு வாசலிலும் “எங்கப்பா கூப்ட்டாரு! எங்கப்பா என்னியக் கூப்ட்டாரு!” என்று கத்தினாள். அன்று நான் பஸ் ஏறாமல் லஸ் வரைக்கும் நடந்தே போனேன். அவ்வளவு சந்தோஷம்.

இனி எழுதுவதுதான் நான் உங்களிடம் சொல்லாதது. மறுநாள் வெள்ளிக்கிழமை. அடுத்த புதனன்று துறைக்கூட்டத்தில் என் வேலையைப் பற்றிப் பேசவேண்டும் என்பதால் ஒழுங்காக ஒரு அச்சுப்படி எடுக்கலாம் என்று இயந்திரத்துக்கு முழு வழியையும் ஆரம்பித்து வைத்தேன். திருவான்மியூர், அடையாறு, மந்தைவெளி, குளம், லஸ், கோமதி என்று அச்சாகி வந்தது. அப்புறம் கோமதி. அப்புறம் கோமதி. மணிக்கூண்டு வரவேயில்லை. தாள் முடியும்வரை அந்தப் பெயரே இறங்கிக்கொண்டிருந்தது. என்ன ஆயிற்று என்று பார்த்தவுடனே புரிந்தது. என்ன செய்யவேண்டும் என்பதும் புரிந்தது: பழையதையும் புதியதையும் கலந்து பழக்கவேண்டும், உடனே உங்களிடம் போய்ச் சொல்லவேண்டும். அரைமணி தூரம். உங்கள் பஸ்ஸே வரும்.

நான் போகவில்லை. மனிதர் வேறு, இயந்திரம் வேறு என்று சொல்லிக்கொண்டேன். அதுவரை மூன்று மாதமாக இரண்டும் ஒன்றுபோலத்தான் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவள் நான்தான். தாளை மடித்து ஃபைலுக்குள் செருகினேன். புதன்கிழமை பேசினேன், உங்கள் மகளின் பெயர் திரும்பிவந்த கதையைச் சொன்னபோது கைதட்டினார்கள். வியாழக்கிழமை, வழக்கமான கிழமையில், வழக்கமான நேரத்துக்கு உங்கள் வாசலுக்கு வந்தேன். ஆறு நாள். நாளுக்கு நூறு தடவை.

அன்று பிள்ளைகள் பொறுக்கமுடியாமல் வரிசை கட்டிவிட்டார்கள். கோமதி தன் நிறுத்தத்துக்கு அடிபம்பைத் தேர்ந்தெடுத்து அங்கே போய் நின்றுகொண்டாள். நீங்கள் திருவான்மியூரில் ஆரம்பித்தீர்கள். அடையாறு, மந்தைவெளி, குளம், லஸ். “கோமதி!” வரிசை அடிபம்புக்கு ஓடியது, அவள் சேர்ந்துகொண்டாள். எல்லோரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். உங்கள் வாய் திறந்தது. “கோமதி.” மறுபடி முயன்றீர்கள். “கோ...” சொந்த வாசலை விரலால் காட்டினீர்கள், பெயர் வரவில்லை. “இன்னா கண்டக்டர், வண்டி பிரேக் டவுனா?” என்று ஒரு பையன் கத்தினான். நீங்கள் இடது கையால் சுவரில் குத்தினீர்கள். பிள்ளைகள் சட்டைகளை விட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

நான் அருகில் வந்து உட்கார்ந்தேன். இப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். சொன்னது வேறு. “சில பேருக்கு இப்படி ஆகறதுண்டு, சார். முழு வழியையும் சேர்த்துப் பழகினா திரும்பி வரலாம். ஆனா கொஞ்ச நாளைக்கு அவ பேர் போனாலும் போகலாம்” என்றேன். நீங்கள் அடிபம்பில் சாய்ந்து நின்றிருந்த கோமதியை வெகுநேரம் பார்த்தீர்கள். இடது கையைத் தூக்கினீர்கள். “ஓல்டான்.”

“வுடும்மா” என்றார் உங்கள் மனைவி. “அவருக்கு அதுவே போதுமாம்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அது உங்கள் முடிவு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். பையில் அந்த வெள்ளிக்கிழமைத் தாள் இருந்தது. நடந்தது என் தப்பு, ஆறு நாள் முன்பே எனக்குத் தெரியும் என்று அதை உங்கள் மடியில் போட்டிருந்தால் நீங்கள் என்ன முடிவெடுத்திருப்பீர்களோ. அதே முடிவாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்து எடுத்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போயின. அடுத்த மாதம் அடையாறுக்கு அப்புறமே கோமதி வந்தது. பிறகு ரைட் போயிற்று, ஓல்டானும் போயிற்று. தண்ணீர் வேண்டுமென்றால் கோமதி. வெயில் மேலே விழுந்தால் கோமதி. வேண்டாம் என்பதும் கோமதிதான். ஒவ்வொரு தடவையும் அவள் “இன்னாப்பா?” என்று வந்து நின்றாள். கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருந்தவள் பென்சிலோடு எழுந்து வருவாள். “ஸ்கூலுக்குப் போயிருக்கசொல்லோ கூப்ட்டுக்கினே கீறாரும்மா” என்றார் உங்கள் மனைவி. அழைக்கப்பட ஆசைப்பட்ட குழந்தை அது. அந்தப் பெயர் யாரையும் அழைக்காத வெறும் சத்தமாகிவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். பார்க்கமுடியாமல் வருவதைக் குறைத்துக்கொண்டேன். வாரம் மாதமாயிற்று, பிறகு ஆய்வேடு எழுதவேண்டும் என்று ஒரேயடியாக நின்றுவிட்டேன். ஆய்வேட்டில் உங்களுக்கு நடந்தது ஒரு வரி: ‘பயிற்சிக்குப் பின் நோயாளி 1-இன் தொடர்பேச்சில் குறைவு காணப்பட்டது.’ யார் குறைத்தார்கள் என்பதற்கு அந்த வரியில் இடமில்லை.

பட்டம் வந்ததும் ஸ்வீட் பெட்டியோடு வந்தேன். இரும்பு நாற்காலி இருந்த இடத்தில் யாரோ சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள். “போயி ஆறு மாசம் ஆவுதும்மா” என்றார் உங்கள் மனைவி. “ஒனக்கு எங்க சொல்லியனுப்பறது, வூடு எங்கன்னு தெரியாதே.” உண்மைதான். வாரா வாரம் வந்துபோனவள் முகவரி கொடுத்ததில்லை.

கோமதி தாவணி போடும் வயதுக்கு வந்திருந்தாள். வாசல்வரை கூட வந்தாள். நான் கேட்காமல் அவளே சொன்னாள். “கடசி நாள் காத்தால கோமதின்னாரு, அக்கா. தண்ணி எட்த்தாந்தேன், தலைய ஆட்டிட்டாரு. தலகாணிய நவுத்தி வெச்சேன், அதுக்கும் ஆட்டிட்டாரு. ஒண்ணும் புரியாம சும்மா பக்கத்துல குந்திக்கினேன். அப்பால கூப்டவேயில்ல.” பிறகு சொன்னாள்: “அன்னிக்கி என்னியத்தான் கூப்ட்டிருக்காரு.”

தாள் அன்றும் என் பையில் இருந்தது. இந்தத் தடவை கட்டாயம் காட்டிவிடுவது என்று எடுத்து வந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. “அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் என் பேரச் சொல்லுதாக்கா?” என்று கேட்டாள். அடுத்த மாணவனுக்கு இடம் வேண்டுமென்று அதை நான் போன வருஷமே அழித்திருந்தேன். “சொல்லுதும்மா” என்றேன்.

இப்போது என் கைப்பேசியே நான் தட்டுவதற்குள் அடுத்த சொல்லை ஊகித்துக் கொடுக்கிறது, சார். உலகத்துப் பேச்சையெல்லாம் விழுங்கின இயந்திரங்கள் வந்துவிட்டன. என் மாணவர்கள் மேதாவிகள். நான் நூறு நாளில் செய்ததை ஒரு நிமிஷத்தில் செய்கிறார்கள். புதியதைப் பழக்கும்போது பழையதைக் கலந்தாயா, முழுவதும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாயா, பார்த்ததை அன்றைக்கே சொன்னாயா என்று நான் நச்சரிப்பது அவர்களுக்குள் ஒரு கேலிப்பேச்சு. ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை. மடிப்பில் கிழிந்துபோன அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இன்று லஸ் தாண்டியபின் அந்தப் பெண்குரல் ‘அடுத்த நிறுத்தம் லஸ்’ என்றது. அதோடு அடங்கிவிட்டது. பஸ் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் பையை அணைத்தபடி கண்ணயர்ந்திருந்தார். எப்போதும் மனசுக்குள் சொல்லிக்கொள்வதை இன்று என்னையும் அறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

“மணிக்கூண்டு!”

கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் திடுக்கிட்டு விழித்தார். “மணிக்கூண்டா? வந்துட்ச்சா?”

“வந்துடுத்து. பார்த்து இறங்குங்கோ” என்றேன். அவர் அவசரமாக எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போய், சரியான இடத்தில் இறங்கிக்கொண்டார். பஸ் கிளம்பியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அது நீங்கள் சொல்லியிருக்கவேண்டிய சொல், சார். உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டவள் நான்.